சருமம் ஒரு கடைமடை: தண்ணீர் குடித்துத் தோலைப் பேணுவதற்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கிறது. காவிரிப் பாசனத்தில் கடைமடை. வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட வாரக்கணக்கில் ஆகும். தலைமடைக்காரர்கள் பாய்ச்சி, நடுவில் உள்ளவர்கள் பாய்ச்சி, மிஞ்சியதுதான் எங்களுக்கு. அப்படி வந்த தண்ணீரும் வரப்பில் நண்டு வளை இருந்தால் விடிவதற்குள் வடிந்துபோகும். அதனால் அப்பாவுக்கு எப்போதும் இரண்டு வேலை. மடையில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். பிறகு மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வந்து வளைகளைத் தேடித் தேடி அடைப்பார்.

தோல் வறட்சியைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்த வயல்தான் நினைவுக்கு வருகிறது. உடம்பில் தோல்தான் கடைமடை. தண்ணீர் வந்து சேரவும் வேண்டும், வந்தது வடியாமல் நிற்கவும் வேண்டும். ‘நிறையத் தண்ணீர் குடி, முகம் பளபளக்கும்’ என்கிற அறிவுரை முதல் வேலையோடு நின்றுவிடுகிறது. அதை நம்பி நாளைக்கு நான்கு லிட்டர் குடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று சோர்ந்துபோனவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இதில் அக்கறையோடு பல வருடங்களாகப் படித்து, வீட்டில் கடைப்பிடித்துப் பார்த்தவள்.

முதலில், தண்ணீர் தோலுக்கு எந்த வழியாகப் போகிறது?

குடித்த தண்ணீர் பெரும்பாலும் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் நீரும் உப்பும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதில் மூளையும் சிறுநீரகமும் மிகவும் கண்டிப்பானவை. நீர் கூடினால் சிறுநீராக வெளியே அனுப்பிவிடும். குறைந்தால் தாகம் எடுக்கும், சிறுநீர் அடர்ந்துபோகும், தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போனபிறகுதான் தோலின் முறை.

தோலிலும் அடுக்குகள் உண்டு. ரத்தக் குழாய்கள் இருப்பது உள்தோலில். மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது. உள்ளிருந்து கசிந்து மேலேறி வரும் ஈரம்தான் அதற்கு. மேல்தோலின் உச்சியில் இறந்த செல்களாலான ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, இரண்டு பங்குதான். அந்தச் செல்களுக்கு நடுவே செராமைடு போன்ற கொழுப்புகள் இடுக்கில்லாமல் நிரம்பியிருக்கும். இதுதான் நம் வரப்பு. கண்ணாடியில் பார்க்கும்போது ‘பளபளப்பு’ என்றோ ‘சொரசொரப்பு’ என்றோ நாம் சொல்வது இந்தப் படலத்தின் நிலையைத்தான்.

வரப்பு நன்றாக இருக்கும்போதே, வியர்வை இல்லாமலே, ஒரு நாளைக்குச் சுமார் 300 முதல் 400 மி.லி. தண்ணீர் தோல் வழியாக ஆவியாகிறது. நாம் அதை உணர்வதே இல்லை. கொழுப்பு அரிக்கப்பட்டு வரப்பில் வளை விழுந்தால் இந்த இழப்பு கூடுகிறது. அப்போது எத்தனை சொம்பு குடித்தாலும் மேற்பரப்பு காய்ந்தேதான் கிடக்கும்.

ஆய்வுகள் சொல்வதும் இதற்கு ஒத்தே வருகிறது. போர்ச்சுகலில் 49 பெண்களை ஒரு மாதம் தினமும் 2 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. தோலின் ஈரம் கூடியது உண்மை. ஆனால் தெளிவான மாற்றம் தெரிந்தது, அதற்குமுன் குறைவாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டிருந்தவர்களிடம்தான். ஏற்கெனவே போதுமான அளவு குடித்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இது சிறிய ஆய்வு, அதற்குமேல் இதில் எதையும் ஏற்றிச் சொல்லக் கூடாது. இருந்தாலும் நாம் தொடங்க வேண்டிய இடத்தை இது காட்டுகிறது.

படி 1: உங்களுக்குத் தண்ணீர் குறைவா, தோல் வறட்சியா என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டும் ஒன்றல்ல. உடம்பில் நீர் குறைந்தால் அது தோலில் மட்டும் தெரியாது. வாய் ஒட்டும், நாக்கு காயும், தலை கனக்கும், மதியத்துக்குமேல் காரணமில்லாமல் சோர்வு வரும், மலச்சிக்கல் இருக்கும். எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி சிறுநீர். வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. அடர்ந்த மஞ்சளாக இருந்தால் குறைவு. தண்ணீர் போலவே நிறமில்லாமல் நாள் முழுதும் போனால் தேவைக்குமேல் குடிக்கிறீர்கள். காலையில் முதல் முறை போவது எல்லோருக்குமே அடர்த்தியாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பளிச்சென்ற மஞ்சள் வரும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பு வரும். அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டுப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு மருத்துவர்களே வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்க்கிறார்கள். தோல் படிய 2 விநாடிக்குமேல் ஆனால் ஆபத்தான நீர் இழப்பு என்று பொருள். ஆனால் வயதானவர்களுக்குத் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும் என்பதால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

சிறுநீர் தெளிவாக இருக்கிறது, நாக்கும் ஈரமாக இருக்கிறது, ஆனால் முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறதா? அப்படியானால் உங்களுக்கு மடையில் குறையில்லை, வரப்பில்தான். நேராகப் படி 5க்குப் போய்விடலாம்.

படி 2: இப்போது எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று மூன்று நாள் அளந்து பாருங்கள்

எல்லோரும் ‘நான் நிறையக் குடிக்கிறேன்’ என்றுதான் சொல்வோம். அளந்தால்தான் தெரியும். வீட்டு டம்ளரில் தண்ணீரை நிரப்பி, அளவு போட்ட பாட்டிலில் ஊற்றி, உங்கள் டம்ளர் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் 180 மி.லி.தான். எட்டு டம்ளர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றரை லிட்டரைக்கூடத் தொடவில்லை.

எட்டு டம்ளர் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1945இல் அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம், பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை லிட்டர் நீர் தேவை என்றது. அடுத்த வரியிலேயே, இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் சொன்னது. காலப்போக்கில் முதல் வரி மட்டும் ஊர் ஊராகப் போனது, இரண்டாவது வரி விட்டுப்போனது. ஹெய்ன்ஸ் வால்ட்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர் 2002இல் இதற்கு அறிவியல் ஆதாரம் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடி, எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார்.

இன்று புழக்கத்தில் இருக்கும் அளவுகளில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொன்னது பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். இது குடிப்பதும் உணவில் வருவதும் சேர்ந்த கணக்கு. மிதமான வெயிலுக்கும் மிதமான உழைப்புக்கும் சொன்னது. சித்திரை வெயிலில் களத்துமேட்டில் நிற்கிறவருக்கு இது எந்த மூலைக்கு? கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்குமேல் வியர்வை போகும். அதனால் ஊருக்கெல்லாம் ஒரே எண் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிநீர் என்று தொடங்கி, சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்வதே சரி.

நம் சாப்பாட்டிலேயே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். வெந்த சோற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர்தான். வெள்ளரிக்காயில் 95, தர்பூசணியில் 91, தக்காளியில் 94 சதவீதம். ரசம், மோர், கஞ்சி, நீராகாரம், நுங்கு, இளநீர் எல்லாம் கணக்கில் சேரும். காப்பி, டீ குடித்தால் உடம்பு வற்றிவிடும் என்பார்கள். இரண்டு மூன்று டம்ளர் குடிக்கிற பழக்கமுள்ளவர்களுக்கு அப்படி எதுவும் ஆவதில்லை. அதில் போடுகிற சர்க்கரையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். காலையில் பிரெட், மதியம் ஃபிரைட் ரைஸ், இரவு பரோட்டா என்று மாறிப்போனவர்கள் தண்ணீரைக் கூடுதலாகக் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். பழைய சோறும் மோரும் சாப்பிட்டு வயலுக்குப் போனவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, பாதி வேலையைச் சாப்பாட்டிலேயே முடித்துவிட்டார்கள்.

படி 3: நாள் முழுதும் பிரித்துக் குடியுங்கள், அதற்குத் தடையாக இருப்பதை நீக்குங்கள்

நல்ல நிலையிலுள்ள சிறுநீரகங்கள் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 800 மி.லி. முதல் ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்ற முடியும். காலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் குடிப்பதால் தோலுக்கு எந்தத் தனிப் பயனும் இல்லை. அதில் பெரும்பகுதி அடுத்த இரண்டு மணி நேரத்தில் போய்விடும். எழுந்ததும் ஒரு டம்ளர், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் ஒரு டம்ளர், இடையிடையே ஒன்று, வெளியில் கிளம்பும் முன் ஒன்று, வந்ததும் ஒன்று. படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே நிறுத்திக்கொண்டால் தூக்கம் கெடாது. தூக்கம் கெட்டால் முகம் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதெல்லாம் சொல்வதற்கு எளிது. நம் ஊர்ப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் மறதி அல்ல.

என் அக்கா மகள் சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தாள். உதடு வெடித்து, கன்னம் செதில் செதிலாக உரிந்து, நெற்றியில் மட்டும் எண்ணெயும் பருவுமாக வந்து நின்றாள். “தண்ணி குடிக்கிறியா?” என்று கேட்டேன்.

“குடிச்சா போகணுமே சித்தி. நாங்க நிக்கிறது கீழ்த்தளம், பாத்ரூம் நாலாவது மாடி. ஒரு தடவை போனா சூப்பர்வைசர் நேரம் குறிச்சு வச்சுக்குவாரு. காலையில ஒரு டம்ளர், மத்தியானம் சோத்தோட ஒரு டம்ளர், அவ்வளவுதான்.”

பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை, இரண்டு டம்ளர் தண்ணீர். இவளிடம் போய் நாலு லிட்டர் குடி என்று எப்படிச் சொல்வது? கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஒதுங்கப் போவதற்கு நேரம் பார்க்காத மேலாளர்கள் எல்லாக் கடைகளுக்கும் இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதையும் இதேதான். கழிப்பறை சுத்தமாக இல்லை என்பதால் தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வரும். கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிக்கத் தனியாக மணியடிக்கத் தொடங்கினார்கள். பிறகு தமிழ்நாட்டிலும் அது வந்தது. மிக நல்ல ஏற்பாடு. கழிப்பறையையும் சேர்த்துச் சரிசெய்தால்தான் அது பலிக்கும்.

அவளுக்கு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. கடைக்குக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் குடித்து, போய்விட்டுக் கிளம்புவது. காலையில் இட்லியோடு தண்ணியான சாம்பார், மதியம் ரசமும் மோரும். கடையில் மணிக்கு நான்கைந்து மிடறு மட்டும். கூட்டம் குறையும் 11 மணிக்கும் 4 மணிக்கும் இன்னொரு பெண்ணோடு முறை வைத்துக்கொண்டு மேலே போய் வருவது. இரவு வந்ததும் மீதி. நாளைக்குச் சுமார் 600 மி.லி. கூடியது, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் உதடு வெடிப்பு நின்றது. மாதாமாதம் அவளைப் பிடித்துப் படுத்திய நீர்க்கடுப்பும் குறைந்தது. குறைவாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த 140 பெண்களிடம் 2018இல் வெளியான ஒரு சோதனையில், தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தோலுக்காகத் தொடங்கினாலும் பலன் அங்கேயும் சேர்ந்து வருகிறது.

நெற்றிப் பரு மட்டும் போகவில்லை. அதற்கு வேறு காரணம். பின்னால் சொல்கிறேன்.

படி 4: எதைக் குடிப்பது?

வெறும் தண்ணீர்தான் முதலிடம். மண்பானைத் தண்ணீர், வெட்டிவேர் போட்ட தண்ணீர், சீரகத் தண்ணீர் எல்லாமே நல்லது. வாசனைக்காக இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடிப்பீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். எலுமிச்சையும் வெள்ளரியும் புதினாவும் மிதக்கும் ‘டீடாக்ஸ்’ தண்ணீரும் அந்த வகைதான். உடம்பிலுள்ள நச்சை அது கழுவி எடுக்காது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

வியர்வை கொட்டும் நாளில் உப்பும் சேர்ந்தே போகிறது. அப்போது உப்புப் போட்ட நீர்மோர் சிறந்தது. வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் மோரோடு நிற்காமல், மருந்துக்கடையில் கிடைக்கும் உலக சுகாதார நிறுவனக் கலவைப்படியான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

தோலுக்காகச் செய்யும் மாற்றங்களில் அதிகப் பலன் தருவது, இனிப்புப் பானத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை வைப்பதுதான் என்பது என் கருத்து. ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று ஏற்றும் உணவுகளுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை ஏறும்போது இன்சுலின் கூடுகிறது, அது எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. என் அக்கா மகள் தண்ணீருக்குப் பதிலாக மாலையில் ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸ் குடித்துக்கொண்டிருந்தாள். அதை விட்ட பிறகுதான் நெற்றி கொஞ்சம் அடங்கியது.

தண்ணீரின் தரத்தைப் பற்றியும் ஒரு சொல். குடிநீரே தோலைக் கெடுத்த கதை நம் நாட்டில் இருக்கிறது. வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்றுவதற்காக மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருந்தது. மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போலக் கரும்புள்ளிகளும், உள்ளங்கை, உள்ளங்காலில் முண்டுமுண்டாகத் தடிப்பும் வந்தவர்களை, 1983இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கே.சி. சாஹா என்ற தோல் மருத்துவர் பார்த்து, காரணம் தண்ணீர் என்று கண்டுபிடித்தார். இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மி.கி.க்குமேல் இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர ஆர்சனிக் போகாது. புதிதாக போர் போட்ட வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறீர்கள் என்றால், ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

படி 5: வரப்பின் வளைகளை அடைத்துவிடுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்களின் வேலை இருக்கிறது. 1952இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் மிக எளிமையான ஒரு சோதனை செய்தார். காய்ந்து விறைத்த தோல் காய்ப்பின் துண்டை எண்ணெயில் ஊறவைத்தார். அது விறைப்பாகவே இருந்தது. தண்ணீரில் போட்டதும் மெத்தென்று ஆனது. தோலை மென்மையாக்குவது எண்ணெய் அல்ல, நீர் என்று அதிலிருந்து தெரிந்தது. அப்படியானால் எண்ணெய்க்கு என்ன வேலை? உள்ளே இருக்கும் நீரை வெளியே விடாமல் மூடுவது. காய்ந்த காலில் காய்ந்தபடியே எண்ணெயைத் தடவினால் பளபளப்பு வரும், வறட்சி போகாது. ஈரம் இருக்கும்போதே தடவினால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும்.

ஆகவே குளியலை மாற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம், அது கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களில் மட்டும் போட்டாலே போதும். தோலின் இயல்பு லேசான அமிலத்தன்மை, பி.ஹெச். 5ஐ ஒட்டியது. சாதாரணக் கட்டி சோப்பின் பி.ஹெச். 9, 10 வரை இருக்கும். கையிலும் காலிலும் தினமும் நுரை பொங்கத் தேய்ப்பது, வரப்பை நாமே வெட்டிவிடுவது போன்றது. பீர்க்கங்கூட்டால் அழுத்தித் தேய்ப்பதும் அப்படித்தான்.

குளித்ததும் துண்டால் ஒற்றி எடுங்கள். உடம்பில் இன்னும் ஈரம் தெரியும்போதே, மூன்று நான்கு நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசரைத் தடவிவிடுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. கிளிசரின் இருந்தால் நீரை ஈர்த்து வைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி மூடிபோல் நின்று இழப்பைத் தடுக்கும். இந்த இரண்டும் எந்தக் கடையிலும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. கை, காலுக்குத் தேங்காயெண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். முகத்தில் பரு வருகிறவர்கள் மட்டும் அதை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், துளைகளை அடைத்துவிடும்.

போர் தண்ணீர்ப் பிரச்சினையை இங்கே சொல்லியாக வேண்டும். நாம் ‘உப்புத் தண்ணி’ என்று சொல்வது பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தரம். இந்த உப்புகள் வயிற்றுக்குள் போவதால் தோல் கெடுவதில்லை. குளிக்கும்போதுதான் தொல்லை. சோப்போடு சேர்ந்து நுரையாமல், தோலில் ஒட்டும் பிசுக்காக மாறும். நுரை வரவில்லை என்று நாம் இன்னும் சோப்புப் போடுவோம், பிசுக்கு இன்னும் கூடும். குழாயில் படியும் வெள்ளைக் கறைதான் நம் மேலும் படிகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வழி இருந்தால் கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரை மேலுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். சோப்புக்குப் பதில் சோப்பில்லாத கிளென்சர் வாங்கினால் பிசுக்கு படியாது. ஷவரில் மாட்டும் வடிகட்டிகளில் பெரும்பாலானவை கடினத்தன்மையை எடுப்பதில்லை. ஆயிரக்கணக்கில் அதற்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் ஒரு வருடத்துக்கு மாய்ஸ்சரைசர் வாங்கிவிடலாம்.

ஏசி அறையில் காற்றின் ஈரம் இறங்கிவிடும். நாள் முழுதும் அங்கே இருப்பவர்கள் இடையில் ஒருமுறை கையிலும் உதட்டிலும் மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்வது நல்லது. மார்கழி, தை மாதங்களில் எல்லோருக்குமே இது தேவை. பகலில் வெளியே போனால் சன்ஸ்கிரீனோ குடையோ கட்டாயம். வெயிலால் வரும் கருமையையும் சுருக்கத்தையும் எந்தத் தண்ணீராலும் அழிக்க முடியாது.

படி 6: தண்ணீரால் தீராததைத் தண்ணீரிடம் கேட்காதீர்கள்

பரு வருவது ஹார்மோனால் கூடும் எண்ணெய்ச் சுரப்பு, அடைபட்ட துளை, அதில் பெருகும் பாக்டீரியா, அதனால் வரும் வீக்கம் ஆகியவை சேர்ந்து. குடித்த தண்ணீர் உள்ளிருந்து அந்தத் துளையைக் கழுவாது. கன்னத்தில் படரும் மங்கு, கண்ணுக்குக் கீழ்க் கருவளையம், பழைய பருத் தழும்பு இவற்றுக்கும் தண்ணீர் மருந்தல்ல. என் அக்கா மகள் கடைசியில் தோல் மருத்துவரைப் பார்த்துத் தடவு மருந்து வாங்கிய பிறகுதான் நெற்றி தெளிந்தது.

கழுத்துக்குப் பின்னால், அக்குளில், வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அதை அழுக்கு என்று நினைத்துப் பிள்ளைகளைத் தேய்த்துக் கொல்லாதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடம்பு காட்டும் அடையாளமாக அது இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் போகாத வறட்சியும் அரிப்பும் தைராய்டு குறைவு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றாலும் வரும்.

படி 7: இவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு

சிறுநீரக நோய், இதய பலவீனம், டயாலிசிஸ் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டி ஒரு டம்ளர்கூட அழகுக்காகக் குடிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் போதும், கோடையானாலும் தனியாகத் தண்ணீர் தரத் தேவையில்லை.

நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கும் அளவு உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்குமேல் குடித்ததே முக்கியக் காரணம். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகக்கூடியது அது. ‘ஒரு வாரத்தில் தங்க மேனி’ என்று ஐந்தாறு லிட்டர் குடிக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

வயதானவர்களுக்கு நேரெதிர் சிக்கல். தாக உணர்வே மங்கிவிடும். “தாகமே இல்லடி” என்று என் அம்மா சொல்வது பொய்யல்ல, உண்மையிலேயே அவளுக்குத் தெரிவதில்லை. சிறுநீரகம், இதயம் இரண்டும் சரியாக இருக்கின்றன என்று மருத்துவர் சொன்ன பிறகு, காலையில் ஒரு லிட்டர் சொம்பை நிரப்பி அவள் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அது காலியாக வேண்டும்.

படி 8: ஒரு மாதம் பொறுங்கள்

மேல்தோல் அடியிலிருந்து உருவாகி மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வயதானால் இன்னும் கூடும். அதனால் நான்காம் நாள் கண்ணாடி பார்த்து முடிவு செய்ய வேண்டாம். முகத்தைவிட முழங்காலுக்குக் கீழே உள்ள தோலைக் கவனியுங்கள். அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, அதனால் மாற்றம் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். முதல் நாளும் முப்பதாம் நாளும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கூடவே ஒரு நோட்டில் குடித்த அளவு, குளித்ததும் தடவினேனா இல்லையா என்று இரண்டே குறிப்பு.

தை மாதப் பனியில்தான் அம்மாவுக்குக் கால் வெடித்து அரிக்கும், வருடாவருடம் ராத்திரி தூக்கம் போகும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தவள், என்னைக் கூப்பிட்டுக் காலை நீட்டினாள். நகத்தால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். வெள்ளைக் கோடு விழவில்லை. பக்கத்தில் சொம்பு பாதி காலியாக இருந்தது.